விடியக்காலை வெயில் ஏன் உங்களுக்கு நித்திரை தரவில்லை?

கேள்வி:

எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். மெற்ஃபோமின் குளிசையோடு காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போடுகிறேன். 2023இல் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போனபோது ஒரு கிழமைக்கு மேலாகப் பின்னேரம் ஐந்தரைக்கே கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு. திரும்பி வந்த பிறகு இன்னும் மோசம், பதினைந்து நாள் ஒழுங்கான நித்திரை இல்லை. வெயில் பட்டால் சரியாகும் என்று வந்த மறுநாளிலிருந்து விடிய ஐந்தரைக்குக் கோணேசர் கோயிலுக்கு நடந்தும் பார்த்தேன். பலனில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் வானுக்குள்ளேயே சீனி குறைந்து பயந்தும் போனேன். வருகிற ஆனியில் மகளுக்கு இரண்டாவது பிள்ளை. மூன்று மாதம் நிற்கப் போகிறேன். பிள்ளை பெற்றவளை நான் பார்ப்பதா, என்னை அவள் பார்ப்பதா என்று கவலையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை இரண்டைப் போட்டுவிட்டுப் பிளேனுக்குள் படுக்கச் சொல்கிறா. மெல்பேர்ணில் இருக்கும் மகனிடம் போனபோது இவ்வளவு கரைச்சல் வரவில்லை. அது ஏன் என்றும் விளங்கவில்லை.

பதில்:

ரீச்சர், உங்கள் கடிதம் சி.ஆர். கொப்பித் தாளில் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில், போன முறை வரும்போது ஊசி போட்ட நேரங்களை அடிமட்டம் வைத்துக் கோடு கீறி அட்டவணையாக எழுதியிருந்தீர்கள். நோயாளர்கள் இப்படி எழுதித் தந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். வானுக்குள் உங்களுக்குச் சீனி குறைந்ததன் காரணம் முழுவதும் அந்த நாலு வரிக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நித்திரை.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்புக் கலங்கள் கொண்ட சின்னஞ்சிறு திரள் ஒன்று இருக்கிறது. அதுதான் உடம்பின் மணிக்கூடு. எப்போது நித்திரை, எப்போது பசி, எப்போது உடம்பு சூடாக வேண்டும், எப்போது குளிர வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த மணிக்கூடு கலங்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அமெரிக்கர் மூவருக்குக் கிடைத்தது. அந்த மணிக்கூட்டைத் திருத்துகிற கை பெரும்பாலும் ஒன்றுதான், கண்ணில் படுகிற வெளிச்சம்.

நீங்கள் 1996ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று இலங்கையின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அந்த வருடமே அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டோடு பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் அப்போது கலியாண வீட்டுக்கும் போனோம். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் ஒருவருக்கும் ஜெட்லாக், அதாவது தூர விமானப் பயணத்தால் வருகிற இந்த நித்திரைக் குழப்பம், வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த மணிக்கூடு மட்டும்தான் மாறியது. சூரியன் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலைக்கு முன்னால் கடலுக்குள்ளிருந்து வழமை போலத்தான் எழும்பியது. ரொறன்ரோவுக்குப் போகும்போது மாறுவது சூரியன். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். மாரியில் அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பதால் பத்தரை.

இனி உங்களுடைய அந்தப் பின்னேரம் ஐந்தரை. இரவு முழுக்க வார்டில் நிற்கிற தாதிமாரைக் கேட்டுப் பாருங்கள், விடியப்புறம் மூன்று மணிதான் பொல்லாத நேரம் என்பார்கள். தேத்தண்ணி குடித்தாலும் தலை தொங்கும், உடம்பு சில்லிடும். உடம்புச் சூடு ஒரு நாளில் ஆகக் குறைகிற நேரம் அது. வழக்கமாக எழும்புகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னால் வரும். விடிய ஐந்து, ஐந்தரைக்கு எழும்புகிற உங்களுக்கு அது மூன்று மணி அளவில். இங்கே விடியப்புறம் மூன்று மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் ஐந்தரை. மகள் வேலையால் வந்து தேத்தண்ணி போடுகிற நேரத்தில் உங்கள் உடம்பு திருகோணமலையின் நடுச்சாமத்தில் கிடந்திருக்கிறது. இரவு இரண்டு மணி முழிப்பும் அப்படித்தான். இங்கே அது முற்பகல் பதினொன்றரை, அடுப்பில் சோறு கொதிக்கிற நேரம். நித்திரை கலைந்ததோடு பசியும் வந்திருக்குமே, அதையும் எழுதியிருக்கிறீர்கள். ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனி மணிக்கூடு இருக்கிறது. அவை தலையில் இருப்பதை விட மெதுவாகத்தான் புது ஊருக்குப் பழகும்.

உடம்பின் அந்த ஆகத் தாழ்ந்த நேரத்தை மனதில் குறித்து வையுங்கள். மிச்சம் எல்லாம் அதைச் சுற்றித்தான். அந்த நேரத்துக்கு முந்திய பல மணித்தியாலங்களில் கண்ணில் படுகிற வெளிச்சம் உடம்பு மணிக்கூட்டைப் பிந்த வைக்கும். அந்த நேரம் கடந்த பிறகு படுகிற வெளிச்சம் முந்த வைக்கும். ஒரே சூரியன், ஒரே வெளிச்சம். ஒரு மணித்தியாலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகிப் பட்டால் வேலை தலைகீழாகிவிடும். மேற்கே போகிறவர்கள் மணிக்கூட்டைப் பிந்த வைக்க வேண்டும், கிழக்கே வருகிறவர்கள் முந்த வைக்க வேண்டும். மனித உடம்பு மணிக்கூடு தன்பாட்டில் விட்டால் 24 மணித்தியாலத்தை விடச் சில நிமிடம் கூட எடுத்துத்தான் ஒரு சுற்று வரும். அதனால் பிந்துவது அதற்குச் சுகம். மேற்கே போனால் நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் நகரும், கிழக்கே வந்தால் ஒரு மணித்தியாலம்தான். போனபோது ஒரு கிழமை, வந்தபோது அதை விட அதிகம் என்று நீங்கள் பட்டது இந்தக் கணக்குத்தான். உங்கள் வயதிலோ சீனியிலோ பிழை இல்லை.

ஆனால் திரும்பி வந்து பதினைந்து நாள் எடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு மனவருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நல்லது என்று நினைத்து நீங்கள் செய்தது அது. ரொறன்ரோவுக்குப் பழகியிருந்த உடம்புக்கு அந்த ஆகத் தாழ்ந்த நேரம், அதாவது அடி நேரம், அங்கத்தைய விடிய நாலு மணி. இங்கே அது மத்தியானம் ஒன்றரை. வந்த மறுநாள் விடிய ஐந்தரைக்குக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் படுத்துக் கிடக்கிற மரத்தடியைத் தாண்டிக் கோணேசர் மலை ஏறினீர்கள். உங்கள் உடம்புக்கு அப்போது இரவு எட்டு மணி. மலையில் நின்று கடலுக்கு மேலே எழும்புகிற சூரியனை நேரே பார்த்துக் கும்பிட்டிருப்பீர்கள். உடம்பு அதை அந்திவெயில் என்றே எடுத்துக்கொண்டது. இன்னும் இரவாகவில்லை, படுக்கையைப் பிந்திப் போடு என்று மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்தது. வீட்டுக்காரரின் சத்தமும் சாப்பாட்டு நேரமும் முன்னுக்கு இழுக்க, காலை வெயில் பின்னுக்கு இழுக்க, நடுவில் நீங்கள். கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு விடியல் என்றால் அருமருந்து. மற்ற நாட்களில் உண்மையாகவே மருந்துதான். தூரப் பயணம் முடிந்து வருகிற முதல் கிழமைக்கு மட்டும் அல்ல.

இந்த முறை எப்படிச் செய்யலாம் என்று நாள் வைத்துச் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் இறங்கிய நாள் இறங்கிய நேரத்திலிருந்தும் மறுநாள் மத்தியானம் பன்னிரண்டிலிருந்தும் பின்னேரம் ஐந்து வரை எவ்வளவுக்கு முடியுமோ அவ்வளவுக்கு வெளியே இருங்கள். வெயிலுக்குள் நிற்க வேண்டுமென்றில்லை. நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும், மர நிழலில் சில ஆயிரங்கள் இருக்கும், விளக்குப் போட்ட வீட்டறைக்குள் முன்னூறு தாண்டுவதே அரிது. நிழலில் ஒரு கதிரையைப் போட்டுப் பேரப்பிள்ளையோடு இருந்தாலே போதும். ஐந்தரைக்குப் பிறகு உள்ளே வந்து திரைச்சேலையை இழுத்து விடுங்கள். ஆனியில் அங்கே இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் படும். அந்த நீண்ட அந்திவெயில் முதல் இரண்டு நாளும் உங்களுக்கு எதிரி. வெளியே போகத்தான் வேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். அடி நேரம் நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திக்கொண்டு போகும். மூன்றாம் நாள் அது இரவு எட்டரை அளவில் வந்துவிடும். அன்றிலிருந்து நிலைமை மாறும். பின்னேரம் எட்டு மணி வரை உலாத்தலாம், அதுவே உங்களுக்கு நல்லது.

முதல் இரண்டு நாளும் ஒன்பது மணி வரையாவது முழித்திருக்கப் பாருங்கள். சோபாவில் சாயாதீர்கள், சாய்ந்தால் முடிந்தது. மத்தியானம் மூன்றுக்கு முன்னர் இருபது நிமிடம் கண்ணை மூடலாம், அலாரம் வைத்து. பிளேன்ரீயைக் காலையிலும் மத்தியானத்திலும் குடியுங்கள். தேயிலையில் இருக்கிற கஃபீன் பாதி இறங்கவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும், ஆகவே பின்னேரத் தேத்தண்ணியை ஒரு கிழமைக்கு விட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பசித்தால் சோறு போட்டுச் சாப்பிட வேண்டாம். சீனி போடாத பால் அரைக் கோப்பை, இரண்டு கிறீம் கிறாக்கர், அவ்வளவு போதும். அந்த நேரத்தில் போன் பார்க்கவும் வேண்டாம். இங்கே பகல் என்பதால் உறவுக்காரர் எல்லாரும் வைபரில் இருப்பார்கள், கதை தொடங்கினால் விடிந்துவிடும்.

ஒன்றை யோசித்தீர்களா, ரீச்சர்? புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. அதன் மணிக்கூடு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் நாலைந்து இரவும் நீங்கள் எப்படியும் இரண்டு மணிக்கு முழித்திருப்பீர்கள். பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையை வாங்கி ஏவறை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மகளைப் படுக்க விடுங்கள். சின்ன மங்கல் விளக்கு மட்டும் எரியட்டும். நீங்கள் பயப்படுகிற அந்த முழிப்புத்தான் அவளுக்கு அப்போது ஆக வேண்டிய உதவி.

திரும்பி வருகிறபோது எல்லாம் மறுபக்கம். வீட்டுக்கு வந்த நாளும் அடுத்த இரண்டு நாளும் மத்தியானம் வரை வெளிச்சத்துக்கு முகம் கொடுக்காதீர்கள். வானுக்குள் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, வீட்டில் கிழக்குப் பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள். மத்தியானம் ஒன்றரை, இரண்டுக்குப் பிறகு விறாந்தையில் அல்லது வேப்பமர நிழலில் இருங்கள். நாலு மணிக்கு டச்சுக்குடாக் கடற்கரைக்கு இறங்குங்கள், இருட்டும் வரை நடவுங்கள். பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. நாலாம் நாள் பத்தரைக்குப் பிறகு வெயில் சரி. ஏழாம் நாள் ஏழரைக்குப் பிறகு. ஒன்பதாம் நாள் விடியக் கோணேசரிடம் போகலாம். அதுவரை பின்னேரப் பூசைக்குப் போங்கள்.

மெல்பேர்ண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே மாரி காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம். கிழக்கே போனாலும் நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும். நான் இங்கிலாந்தில் பயிற்சி முடித்து வந்தபோதும் அதே நாலரை மணித்தியாலம்தான், கிழக்கே. முதல் இரண்டு இரவும் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன், ஐந்தாம் நாள் எல்லாம் சரி. ரொறன்ரோ தூரம் அப்படி அல்ல. கிட்டத்தட்ட அரை உலகம்.

இனி ஊசி. உங்கள் அட்டவணையை அப்படியே எடுத்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் பின்னேரம் ஆறுக்கு வீட்டில் ஊசி போட்டுவிட்டு விமான நிலையம் போயிருக்கிறீர்கள். பிளேனுக்குள் காலைச் சாப்பாடு தந்தபோது கனடா நேரம் ஏழு மணி என்று காலை ஊசி. அது சரி, பதின்மூன்று மணித்தியால இடைவெளி. பிறகு டோஹாவில் இறங்கி, மணிக்கூட்டை இலங்கை நேரத்துக்கு மாற்றி, இரவு எட்டு மணி என்று பார்த்துவிட்டு இரவு ஊசி. கனடாவின் காலை ஏழு இலங்கையின் பின்னேரம் நாலரை. ஆக இரண்டு ஊசிக்கும் இடையில் மூன்றரை மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு கொழும்புக்கு வரும் விமானத்தில் நித்திரையாகிப் போய்ச் சாப்பாட்டையும் விட்டிருக்கிறீர்கள். விடிய ஐந்து மணிக்குக் குருநாகல் தாண்டும்போது வியர்த்து, கை நடுங்கி, கதை குழறி, தம்பியின் மகன் வானை நிற்பாட்டிக் கடையைத் தட்டி எழுப்பி நெக்டோ சோடா வாங்கித் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெடியனுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். உங்களைக் காப்பாற்றியது அவனுடைய கெட்டித்தனம்தான்.

மேற்கே போகும் நாள் நீளும், கிழக்கே வரும் நாள் சுருங்கும். சுருங்குகிற நாளில் இரண்டு மணிக்கூட்டையும் கலந்து ஊசி போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நீளுகிற நாளில் இடைவெளி விழும். விமானத்துக்குள் சீனி கொஞ்சம் கூடி நிற்பதால் ஒரு நாளில் ஆபத்து வராது. குறைந்தால்தான் ஆபத்து. ஊசிக்கு மட்டும் ஒரே மணிக்கூடு வையுங்கள். கையில் கட்டியிருக்கிற மணிக்கூடு போய்ச் சேரும் வரை புறப்பட்ட ஊர் நேரத்திலேயே இருக்கட்டும், போன் எதைக் காட்டினாலும் பரவாயில்லை.

போகும்போது கணக்கு இப்படி வரும். விடிய நாலு மணி அளவில் கட்டுநாயக்கவில் புறப்பட்டால், காலை ஊசி டோஹாவிலோ துபாயிலோ காலைச் சாப்பாட்டோடு. இரவு ஊசி இலங்கை நேரம் ஏழு மணிக்கு, பிளேனுக்குள் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகு. தட்டு வருமுன் போட வேண்டாம், காற்றுச் சுழல் வந்தால் பணிப்பெண்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். புறப்பட்ட அதே திகதியில் பின்னேரம் மூன்றரை, நாலுக்கு ரொறன்ரோவில் இறங்குவீர்கள். அன்றிரவு மகள் வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பிடும்போது முந்திய ஊசிக்குப் பத்தரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அதாவது ஒரே திகதியில் மூன்றாவது ஊசி. அதை எவ்வளவு குறைத்துப் போடுவது என்று உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்கிற வைத்தியர்தான் எழுத வேண்டும். அளவை நான் இங்கே எழுத மாட்டேன், எழுதுவது சரியும் அல்ல. பயணச்சீட்டு கையில் கிடைத்ததும் புறப்படுகிற, இறங்குகிற நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக் நாளில் காட்டுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் அப்போதே எழுதி வாங்குங்கள். டோஹாவில் அந்த எட்டு மணி ஊசியை இந்த முறை என்ன செய்வது என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னர் விரலில் குத்திப் பாருங்கள். மெற்ஃபோமின் அவ்வளவு கரைச்சல் இல்லாத குளிசை, சாப்பாட்டோடு எடுத்தால் போதும்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைத்தால் பிளேனின் அடிவயிற்றில் உறைந்து போகலாம், உறைந்த இன்சுலினைப் பிறகு எறியத்தான் வேண்டும். அதை விடக் கெட்டது கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில் நிறுத்தி வைத்த வானுக்குள் பையை விட்டுவிட்டு இறங்குவது. குளிசை, ஊசி, குத்திப் பார்க்கிற மெஷின், அதன் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கும் ஒரு கிழமை கூடுதலாக எடுத்து, கிளினிக் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

பிரிட்டன் வேண்டாம். அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பா. இந்த ஊரில் தடிமன், சொறி, நித்திரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறோம். ஆனால் 65 தாண்டியவர்களுக்கு அந்தக் குளிசை வாயை வறள வைக்கும், சலம் போகவிடாமல் அடைக்கும், எழும்பும்போது தடுமாற வைக்கும், சிலருக்கு எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும். சீனி குறைந்தால் வருகிற அறிகுறியையும் அந்த மயக்கம் மறைத்துவிடும். குளிசை போட்டுப் பதினாலு மணித்தியாலம் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டிபடவும் இடமுண்டு. மெலற்றோனின் என்ற குளிசையைக் கனடாவில் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கிறார்கள், மகள் சொல்லியிருப்பா. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர வலயங்களைக் கடப்பவர்களுக்கு அது பலன் தருகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அரை மில்லிகிராம் முதல் ஐந்து மில்லிகிராம் வரை, அங்கே படுக்கிற நேரத்தில், சில நாட்களுக்கு. இரத்தம் கட்டிபடாமல் இருக்க வாஃபரின் எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. உங்களுக்கு அவை இரண்டும் இல்லை. என்றாலும் இன்சுலின் போடுகிறபடியால் கிளினிக்கில் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை ஒழுங்காகப் பிடித்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் எண்ணம்.

பிளேனுக்குள் சின்னச் சின்ன விஷயங்கள். உள்ளே இருக்கிற காற்றழுத்தம் நுவரெலியாவிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ நிற்பது போலத்தான். காற்றில் ஈரமும் மிகக் குறைவு. கடற்காற்றில் பழகிய தொண்டையும் கண்ணும் வறண்டு போகும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நடைபாதைப் பக்க இருக்கை கேளுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நடவுங்கள். முழங்காலுக்குக் கீழே போடுகிற இறுக்கமான காலுறை நல்லது, ஆனால் உங்கள் பாதத்தில் இரத்த ஓட்டம் சரியா என்று பார்த்த பிறகு.

எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று. போன முறை இரவு எட்டு மணிக்குத் திருகோணமலையில் வான் ஏறி, கந்தளாய், ஹபரணைக் காட்டுவழியில் யானை நிற்குமோ என்று முழித்துப் பார்த்துக்கொண்டு, நடுச்சாமத்துக்குப் பிறகு கட்டுநாயக்கவில் இறங்கி, வரிசையில் நின்று, விடியப்புறம் பிளேன் ஏறியிருக்கிறீர்கள். அதற்கு முதல் மூன்று இரவும் மகளுக்குச் சரக்கு அரைத்து, மா வறுத்து, பெட்டி கட்டி, நித்திரை இல்லை. இந்தப் பக்கத்து ஆட்களின் ஜெட்லாக்கில் நல்ல பங்கு ஹபரணையைத் தாண்டும்போதே வந்துவிடுகிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். நித்திரைக் கடனோடு பிளேன் ஏறுகிறவருக்கு எந்த வெளிச்சக் கணக்கும் சரிவராது. முதல்நாள் காலையிலேயே புறப்பட்டு, நீர்கொழும்பில் உறவுக்காரர் வீட்டிலோ சின்ன விடுதியிலோ பின்னேரம் ஏழுக்குப் படுத்து, நடுச்சாமம் வரை நித்திரை கொண்டுவிட்டு விமான நிலையம் போங்கள். சரக்குத் தூளை ஒரு கிழமைக்கு முதலே இடித்து வையுங்கள். வரும்போதும் அதே வீட்டில் இறங்கிப் படுத்து எழும்பி, சாப்பிட்டு, சீனியைப் பார்த்துவிட்டே வான் ஏற வேண்டும்.

கைப்பையின் வெளிப்பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய இடத்தில் குளுக்கோசும் பிஸ்கட்டும் இருக்கட்டும். மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ், தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். அதை மகள் வீட்டில் நீங்கள் படுக்கிற கட்டிலின் பக்கத்திலும், பிள்ளையை வைத்திருக்கப் போகிற கதிரைக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு சின்னப் போத்தலாக வையுங்கள், மகளுக்கும் மருமகனுக்கும் காட்டியும் வையுங்கள். இரவு பிள்ளை மடியில் இருக்கும்போது வியர்க்கத் தொடங்கினால், கை நடுங்கினால், முதலில் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துங்கள். பிறகு குளுக்கோஸ். பிறகு மகளைக் கூப்பிடுங்கள்.